மூன்றாவது பெட்டியில் ஒரு புள்ளடி

பிரித்தானியாவில் கடை, உணவகம், பெற்றோல் நிலையம், முதியோர் பராமரிப்பு இல்லம் நடத்தும் தமிழ் முதலாளிமாருக்கும், அவர்களின் சம்பளக் கணக்கைச் செய்யும் கணக்காளர்களுக்கும்,

போன மாதம் ஒரு கோவில் மண்டபத்தில், பந்தி முடிந்த பிறகு, உங்களில் ஒருவரிடம் ஒரு பேஸ்லிப்பை, அதாவது சம்பளச் சீட்டை, காட்டினேன். அவருடைய கடையில் வேலை செய்யும் மாணவன் ஒருவனுடையது. நான்கு மாதமாக அவன் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரியாகப் போகிறது, அவன் கட்டவேண்டிய வரி ஒரு சதம்கூட இல்லை, உங்கள் கணக்காளர் மனம் வைத்தால் அடுத்த சம்பளத்திலேயே திருத்தலாம் என்றேன். அவர் பேஸ்லிப்பைக் கையில் வாங்கவே இல்லை. "அது எமேர்ஜென்சி ரக்ஸ் (அவசர வரி), தங்கச்சி. வாற பிள்ளையள் எல்லாருக்கும் வாறதுதான். எங்களுக்கும் வந்தது. ஏப்ரலுக்குப் பிறகு தன்பாட்டில திரும்பி வரும். இதுகளையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது" என்றார். பக்கத்தில் இருந்த மூன்று முதலாளிமாரும் தலையாட்டினார்கள்.

ஒருவர் சொன்னதை மட்டும் கேட்டிருந்தால் வீட்டுக்குப் போய் மறந்திருப்பேன். நான்கு பேரும் ஒரே எண்ணமாக இருந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பதினான்கு வருடமாகச் சம்பளக் கணக்குப் பார்ப்பவள். சனிக்கிழமைகளில் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் நேரத்தில், புதிதாக வந்த மாணவர்களும் பராமரிப்பு வேலைக்கு வந்த பெண்களும் தங்கள் பேஸ்லிப்பைக் கொண்டுவந்து காட்டுவார்கள். ஒக்டோபரிலும் நவம்பரிலும் கூட்டம் அதிகம். செப்டெம்பரில் படிக்க வந்தவர்களின் முதல் சம்பளம் அப்போதுதான் கைக்கு வரும். அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

மேலே சொன்ன மாணவனுக்கு வயது இருபத்தொன்று. தமிழ்நாட்டில் இருந்து 2025 செப்டெம்பரில் வந்தவன். விசாப்படி படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். மணிக்கு 12.21 பவுண், அந்த ஆண்டின் சட்டபூர்வக் குறைந்தபட்ச ஊதியம். மாதத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 1,058 பவுண். அதில் வரியாகப் பிடிபட்டது 211 பவுண் 60 பென்ஸ். பேஸ்லிப்பில் வரிக் குறியீட்டுக் கட்டத்தில் 'பி.ஆர்.' என்று இரண்டே எழுத்து. அதன் பொருள், இவருக்கு இன்னொரு வேலை இருக்கிறது, வரியில்லாத் தொகை முழுவதையும் அங்கே பாவிக்கிறார், ஆகவே இங்கே முதல் பவுணில் இருந்தே 20 வீதம் பிடி என்பது. அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை கிடையாது. வாழ்க்கையில் இதுதான் அவனுடைய முதல் வேலை.

எப்படி வந்தது இந்த பி.ஆர்.? வேலையில் சேர்ந்த அன்று கடைப் பின்னறையில் அவனிடம் ஐந்தாறு தாள்களைக் கொடுத்து, கையொப்பம் போடச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று புதிதாகச் சேருபவருக்கான படிவம். ஏ, பி, சி என்று மூன்று வாசகங்கள், மூன்று பெட்டிகள். பொருந்தும் பெட்டியில் புள்ளடி போடவேண்டும். ஏப்ரல் 6க்குப் பிறகு இதுதான் என் முதல் வேலை, அரசாங்கத்தின் வரிக்குரிய உதவிப் பணமோ ஓய்வூதியமோ எடுக்கவில்லை என்றால் முதலாவது. இப்போது இது ஒன்றுதான் என் வேலை, ஆனால் ஏப்ரல் 6க்குப் பிறகு வேறொரு வேலை இருந்தது, அல்லது உதவிப் பணம் எடுத்தேன் என்றால் இரண்டாவது. இன்னொரு வேலையோ ஓய்வூதியமோ இப்போதும் இருக்கிறது என்றால் மூன்றாவது. அவன் கைக்கு வந்த தாளில் மூன்றாவது பெட்டியில் ஏற்கெனவே புள்ளடி இருந்தது. போட்டது யார் என்று அவனுக்குத் தெரியாது. "எல்லாருக்கும் அப்படித்தான் போடுறது" என்று சொல்லப்பட்டதாம்.

அந்தப் புள்ளடி என்ன செய்கிறது என்பதை உங்களில் பலர் உண்மையாகவே அறியாமல் இருக்கலாம். அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

இந்த நாட்டில் ஓர் ஆண்டில் முதல் 12,570 பவுண் வருமானத்துக்கு வரி இல்லை. 2021 ஏப்ரலில் இருந்து அதே தொகைதான். அதன் கடைசி இலக்கத்தை விட்டு, பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்ததுதான் நாம் எல்லோரும் பேஸ்லிப்பில் பார்க்கும் '1257எல்'. வரி ஆண்டு நம் சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முந்தி, ஏப்ரல் 6இல் தொடங்குகிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு கொத்து அரிசி உனக்கு என்று ஒருவர் எழுதிவைத்துவிட்டு, மாதம் ஒரு கொத்தாகத் திறந்துவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒக்டோபரில்தான் வந்தீர்கள் என்றால், ஏப்ரலில் இருந்து எடுக்காமல் கிடக்கும் ஆறு கொத்தும் அந்த மாதத்துக் கொத்தும் சேர்த்து ஏழும் உங்களுடையவை. சாதாரண 1257எல் குறியீடு இப்படித்தான் கூட்டிக் கணக்குப் பார்க்கும். ஒக்டோபரில் முதல் வேலையில் சேர்ந்து மாதம் 1,800 பவுண் எடுப்பவர்கூட மார்ச் முடியும்வரை வரி கட்டத் தேவையில்லை. ஆறு மாதச் சம்பளம் 10,800 பவுண், வரியில்லாத் தொகையைத் தொடவே இல்லை.

அதே குறியீட்டின் பின்னால் 'எம்1', 'டபிள்யூ1' அல்லது 'எக்ஸ்' என்று ஒட்டியிருந்தால் அதுதான் அவசரக் குறியீடு. அது பழைய மாதங்களை மறந்துவிடும். இந்த மாதக் கொத்தை மட்டும் பார்க்கும், அதாவது 1,048 பவுண். 1,800 எடுப்பவருக்கு மாதம் சுமார் 150 பவுண் போகும், ஆறு மாதத்தில் 900. பி.ஆர். என்றால் அந்த ஒரு கொத்தும் இல்லை. மாதம் 360, ஆறு மாதத்தில் 2,160 பவுண். படிவமே நிரப்பாமல் விட்டாலும் ஏறக்குறைய அதே கதிதான். அப்போது கணக்காளர் '0டி' என்ற குறியீட்டைப் போடவேண்டும், அதிலும் வரியில்லாத் தொகை பூச்சியம். ஒரே ஆள், ஒரே வேலை, ஒரே சம்பளம். எந்தப் பெட்டியில் புள்ளடி என்பதைப் பொறுத்து வரி பூச்சியமாகவும் இருக்கலாம், 2,160 பவுணாகவும் இருக்கலாம்.

ஆகவே "எமேர்ஜென்சி ரக்ஸ் எல்லாருக்கும் வாறதுதான்" என்பது சரியல்ல. முதல் பெட்டிக்கு உரியவருக்கு அவசரக் குறியீடு வரவே கூடாது. வேலையை விடும்போது முதலாளி கொடுக்கும் சம்பள, வரிப் பத்திரமான பி45, அதே வரி ஆண்டினுடையது, கையில் இருந்து, பழைய இடத்திலும் ஒழுங்கான குறியீடு இருந்தால், அவருக்கும் வரக்கூடாது. இந்தச் சொல்லை நாம் மழை, பனி மாதிரி இயற்கையாக வருவதாகப் பேசிப் பழகிவிட்டோம்.

வேலை செய்பவர் ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் கொடுக்கும் தேசியக் காப்புறுதி இலக்கம் வரும்வரைக்கும் அவசர வரிதான் என்று உங்களில் பலர் பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்கள். இதுவும் பிழை. இலக்கம் வராமலே சட்டப்படி வேலை தொடங்கலாம். குறியீட்டைத் தீர்மானிப்பது அந்தப் படிவத்தின் பதில்தான். இலக்கம் பிறகு வந்ததும் சம்பளக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த மாணவனுக்கு நான் டிசெம்பரில் வரித் திணைக்களத்தின் இணையக் கணக்கைத் திறந்து, வேறு வேலை இல்லை என்று பதியக் காட்டிக்கொடுத்தேன். ஜனவரியில் அவன் கைபேசிச் செயலியில் குறியீடு 1257எல் என்று மாறியிருந்தது. சந்தோசப்பட்டான். ஜனவரிச் சம்பளம் வந்தது, பேஸ்லிப்பில் அதே பி.ஆர்., அதே 211 பவுண் 60 பென்ஸ். திணைக்களம் குறியீட்டை மாற்றினால் முதலாளிக்கு இணையவழி ஓர் அறிவிப்பு அனுப்பும். கணக்காளர் அதை இறக்கி எடுத்துச் சம்பளக் கணக்கில் போடவேண்டும். போட்டால் அதுவரை அதிகமாகப் பிடித்த 846 பவுணும் அந்தச் சம்பளத்தோடேயே திரும்பி வந்துவிடும். முதலாளியின் பையில் இருந்து ஒரு பவுணும் போகாது. அந்த அறிவிப்பை யாரும் திறந்து பார்க்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அதைக் கண்ணால் கண்டேன்.

"ஏப்ரலுக்குப் பிறகு தன்பாட்டில வரும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். ஏப்ரல் 5இல் ஆண்டு முடியும். ஆண்டு முழுவதற்குமான சம்பள, வரிச் சான்றான பி60 கொடுக்க உங்களுக்கு மே 31 வரை அவகாசம். அதன் பிறகு திணைக்களம் கணக்கை ஒப்பிட்டு, யூன் தொடங்கி வரும் மாதங்களில் கடிதம் அனுப்பும். ஒக்டோபரில் பிடித்த காசுக்கு அடுத்த நவம்பரிலும் கடிதம் வரலாம். அதுவும் திணைக்களத்திடம் இருக்கும் முகவரிக்கு. அறைக்கு அறை மாறும் ஒரு மாணவனின் எந்த முகவரிக்கு? படிப்பு முடிந்து ஊர் திரும்பிவிட்டால்? எம்1 ஒட்டு புதிய ஆண்டில் தானாக உதிர்ந்துவிடும், உண்மை. பி.ஆர். உதிராது. மாற்றும் அறிவிப்பைப் போடாவிட்டால் அதுவே அடுத்த ஆண்டுக்கும் கூடவே போகும். காசைத் திருப்பிக் கேட்க நான்கு வருடம் இருக்கிறது என்பீர்கள். வாடகைக்கு நான்கு வருடம் இல்லை.

"ஃபோன் பண்ணிக் கேள்" என்றும் சொல்லி அனுப்புகிறீர்கள். 2022-23இல் வரித் திணைக்களத்தை அழைத்தவர்கள் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் எல்லாம் கூட்டினால் 798 வருடம் என்று தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2024 மே மாத அறிக்கையில் எழுதியது. உங்கள் கல்லாவில் நிற்கும் பிள்ளை வேலை நேரத்தில் அப்படிக் காத்திருக்க நீங்கள் விடுவீர்களா? விடமாட்டீர்கள். அவன் இடைவேளையில் அழைத்து, இசையைக் கேட்டுக்கொண்டிருந்து, வாடிக்கையாளர் வந்ததும் வைத்துவிடுகிறான்.

பி45 பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பராமரிப்பு விசாவில் 2023இல் வந்த ஒரு பெண், இரண்டு பிள்ளைகளை ஊரில் தாயிடம் விட்டுவிட்டு வந்தவர், போன வருடம் ஓர் இல்லத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாறினார். இரண்டும் தமிழர் நடத்துபவை. பழைய இல்லம் பி45 கொடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம் "கணக்காளர் லீவில்". கொடுக்காததற்குக் காரணம் அவர் விட்டுப் போன கோபம் என்று அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். புதிய இல்லம் படிவமும் கொடுக்காமல் 0டி போட்டது. 1,900 பவுண் சம்பளத்தில் 380 வரி. 1257எல் எம்1 போட்டிருந்தாலே 170 தான். மாதம் 210 பவுண் வித்தியாசம். அந்த மாதங்களில் ஊருக்கு அனுப்பும் காசைக் குறைத்தார். பி45 என்பது முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் நற்சான்றிதழ் அல்ல. 2003ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி, வேலை முடியும் நாளில், முடியாவிட்டால் நியாயமற்ற தாமதமின்றிக் கொடுக்கவேண்டும். கோபத்தைக் காட்ட அதைப் பிடித்துவைப்பது சட்டத்துக்கு மட்டுமல்ல, நம் மனிதத்துக்கும் பொருந்தாது.

"எங்களுக்கும் வந்தது" என்றாரே அந்த அண்ணர், எனக்கும் வந்தது. 2003இல் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. அதை விட்டு அடுத்த வேலைக்குப் போனபோது பி45 கிடைக்கவில்லை. புதிதாகச் சேருபவருக்கான அப்போதைய படிவத்துக்குப் பெயர் பி46. அது என்னவென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு அனுப்பவென்று எண்ணிவைத்த காசு வரியாகப் போனது. சீட்டைக் கூறி எடுத்து, கழிவாக ஒரு நல்ல தொகையை இழந்துதான் அனுப்பினேன். வரி திரும்பி வந்தது, உண்மைதான். நான் விட்டுப்போன அறையின் முகவரிக்கு வந்தது. வீட்டுக்கார அம்மா தேர்த் திருவிழாவில் கண்டபோதுதான் அந்தக் கடித உறையைத் தந்தார். உள்ளே காசோலை. ஆறு மாதம் தாண்டிவிட்டதால் வங்கி எடுக்கவில்லை. மறுபடி எழுதி, மறுபடி காத்திருந்து எடுத்தேன். எங்களுக்கு வந்தது என்பது, இவர்களுக்கும் வரட்டும் என்று விடுவதற்குக் காரணமா? நாங்கள் பட்டதைத் தெரிந்தவர்கள் நாங்கள்தானே.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு நித்திரை வருவதில்லை. முதல் சம்பளத்தில் ஐந்தில் ஒன்று போனதைக் கண்ட பிள்ளை அடுத்த மாதம் என்ன கேட்கிறான்? "கையில குடுங்க அண்ணா." உங்களில் சிலர் கொடுக்கிறீர்கள். கணக்கில் இல்லாத வேலை, 20 மணித்தியாலத்தைத் தாண்டினாலும் யாருக்கும் தெரியாத வேலை. பிடிபட்டால் உங்களுக்கு அபராதம், அவனுக்கு விசாவே போய்விடும். ஊரில் காணியை ஈடுவைத்து அனுப்பிய பெற்றோருக்கு அவன் என்ன சொல்வான்? ஒழுங்காகப் புள்ளடி போட்டிருந்தால் அவன் முழுச் சம்பளத்தையும் சட்டப்படியே எடுத்திருப்பான். கையில் கேட்டிருக்கவே மாட்டான்.

சமூக ஊடகங்களில் "உங்கள் வரியை மீட்டுத் தருகிறோம்" என்று விளம்பரம் போடுபவர்களிடமும் இந்தப் பிள்ளைகள்தான் போய் விழுகிறார்கள். திருப்பிக் கேட்பதற்குக் கட்டணமே இல்லாத காசில் பெரிய பங்கைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வரி மீள்தொகையை அப்படி எழுத்தில் இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்கும் ஒப்பந்தங்களைத் திணைக்களம் 2023 மார்ச் 15 முதல் ஏற்பதில்லை. அப்படியும் தரகு வாங்கும் வழிகள் இருக்கின்றன.

உண்மையிலேயே இரண்டு வேலை செய்பவர்களுக்கு இரண்டாவது இடத்தில் பி.ஆர். போடுவது சரி. அதிலும் முதல் வேலையில் சம்பளம் குறைவென்றால், வரியில்லாத் தொகையை இரண்டுக்கும் பிரித்துத் தரும்படி திணைக்களத்திடம் கேட்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நான் உங்களிடம் கேட்பவை இவை. புதிதாகச் சேருபவரிடம் அந்தப் படிவத்தை வெறுமையாகக் கொடுங்கள். யாருடைய பெட்டியிலும் நீங்களோ உங்கள் கணக்காளரோ புள்ளடி போடாதீர்கள். மூன்று வாசகங்களையும் தமிழில் வாசித்துக் காட்டி, எது உனக்குப் பொருந்தும் என்று கேளுங்கள், அவர்களே போடட்டும். நிரப்பிய படிவத்தின் ஒரு பிரதியை அவர்கள் கையிலேயே கொடுங்கள். முதல் சம்பள நாளில் பேஸ்லிப்பைக் கொடுத்து, குறியீட்டுக் கட்டத்தைக் காட்டி, அது என்னவென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பேஸ்லிப் கொடுப்பது 2019 ஏப்ரலில் இருந்து வேலையாளர் எல்லோருக்கும் உரிய உரிமை, வாட்ஸப்பில் தொகையை அனுப்புவது பேஸ்லிப் ஆகாது.

கணக்காளர்களே, நீங்கள் நம் பிள்ளைகளின் படிப்பைப் பெருமையாகச் சொல்லும்போது எப்போதும் முதல் வரிசையில் நிற்பவர்கள். ஒவ்வொரு சம்பள ஓட்டத்துக்கும் முதல் திணைக்களத்தின் குறியீட்டு அறிவிப்புகளை இறக்கிப் பாருங்கள். பி.ஆர்., 0டி என்று இருக்கும் ஒவ்வொரு பெயரையும் முதலாளியிடம் ஒருமுறை கேளுங்கள்: இவருக்கு வேறு வேலை இருக்கிறதா? விலகியவருக்குக் கடைசிச் சம்பளத்தோடேயே பி45 போகட்டும், அவர் எந்த மனநிலையில் விலகினாலும்.

தமிழ் வர்த்தகர் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு செப்டெம்பரிலும் நீங்கள் நடத்தும் கூட்டத்தில் அரை மணி நேரம் எனக்குத் தாருங்கள். படிவத்தைத் தமிழில் விளக்கும் ஒரு பக்கத் தாளை நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். உங்கள் கடைகளின் பின்னறைச் சுவரில் அதை ஒட்டிவையுங்கள்.

கோவில் மண்டபத்தில் என்னோடு பேசிய அண்ணருக்கு: பெப்ரவரிச் சம்பள ஓட்டம் இன்னும் முடியவில்லை. அறிவிப்பு உங்கள் கணக்காளரின் கணினியில் ஜனவரியில் இருந்து கிடக்கிறது. இந்த மாதம் அந்தத் தம்பியின் பேஸ்லிப்பில் 1257எல் என்றும், அதன் கீழே 846 பவுண் 40 பென்ஸ் மீள்தொகை என்றும் இருக்கவேண்டும். சம்பள நாளுக்கு அடுத்த சனிக்கிழமை அவன் அதை எனக்குக் கொண்டுவந்து காட்டுவான்.

சம்பளக் கணக்குப் பார்க்கும் ஒருத்தி
ஹரோ, லண்டன்
பெப்ரவரி 2026